சோற்றில் நின்ற இரண்டு குச்சிகள்

ஒரு கிண்ணம் நிறையச் சோறு. சோற்றின் நடுவில் இரண்டு குச்சிகள் நட்டமாக நிமிர்ந்து நிற்கின்றன. கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. அதற்கு அங்கால் ஒரு கதவு. கதவு மெல்லத் திறக்கிறது. திறந்தது ஆர் என்று காட்டுவதற்கு முன்னமே எல்லாம் கறுத்துப் போகிறது. கறுத்த பிறகு ஒரு பொம்பிளைக் குரல் ஒரேயொரு சொல் சொல்கிறது. அதோடு படம் முடிந்தது.

இவ்வளவுதான். கண்ணை நாலு தரம் மூடித் திறக்க முடிந்து போகும். இதற்காக நானும் என் மச்சாளும் பதினொரு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். இதற்காக யப்பான் நாட்டில் படித்த ஆட்களே ஆளையாள் ஏசிக்கொண்டு திரிந்தார்கள் என்று பிற்காலம் அறிந்தேன். அந்தக் கடைசிக் கட்டம் உள்ள பழைய வீடியோக் கசெற்றை அங்கே பவுண் மாதிரிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்களாம். அப்படி ஒரு கசெற் எத்தனையோ வருசம் என் வீட்டு அரிசிப் பெட்டிக்கு மேலே கிடந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். எனக்கு அவசரம் இல்லை. வாசிக்கிற நீங்களும் அவசரப்பட வேண்டாம்.

எனக்கு மகள் ஒருத்திதான். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பொம்பிளைப் பிள்ளைக்கு உரியது. தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மாப்பிள்ளைதான் தன் உடுப்பைக் கட்டிக்கொண்டு வந்து சேர வேண்டும். வீட்டுக்குரியவளை வீட்டை விட்டு அனுப்புகிறது என்றால் கூரை நிற்கத் தூணைப் பிடுங்குகிற மாதிரி. ஆனாலும் நான் அனுப்பினேன். சண்டைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் தா என்று ஒரு பக்கத்தார் வேலிப் படலையில் வந்து நின்ற காலம் அது. மற்றப் பக்கத்தார் வந்தால் கேட்கவும் மாட்டார்கள், பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். என் புரியன் நெருப்புக் காய்ச்சலில் போய் நாலு வருசம் ஆகியிருந்தது. பத்தொன்பது வயதுப் பிள்ளையை நான் எந்த மூலையில் ஒளிக்க? அறபு நாட்டுக்கு வீட்டு வேலைக்கு விட்டேன். படலையில் நின்று அழவில்லை. பிளேன் ஏறிவிட்டாள் என்று செய்தி வந்த அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகச் சோறு தின்றேன்.

இரண்டு வருசம் முடிந்தது. இன்னும் இரண்டு வருசம் நில் என்று எழுதினேன், நின்றாள். அதுவும் முடிகிற காலத்தில்தான் இந்தக் கசெற் வந்தது. அவளோடு வேலை செய்த, பக்கத்து ஊர் களுதாவளைப் பிள்ளை ஒருத்தி லீவில் வந்தபோது கொடுத்து விட்டிருந்தாள். வழியில் சோதனை பார்க்கிற சென்றிப் பொயின்றில் ஆமிக்காரன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தானாம். பெட்டிக்கு மேலே கண் பெருத்த ஒரு பிள்ளையின் படம். அதைப் பார்த்துச் சிரித்து விட்டுத் திருப்பிக் கொடுத்தானாம்.

கசெற் பெட்டிக்குள் ஒரு கடிதம் மடித்துக் கிடந்தது. இரண்டு நாளாக எழுத்துக் கூட்டி வாசித்தேன். வேறு ஆரிடமும் வாசிக்கக் கொடுக்கவில்லை. மகள் எனக்கு எழுதினது எனக்குத்தான்.

"அம்மா, இது இந்த வீட்டுப் புள்ளயள் பாக்குற படம். யப்பான்ல கீறின காட்டூன், இஞ்ச அறபில பேசுது. நீங்க கடைசியப் பாருங்க. அதப் பாத்துப் போட்டு எனக்கு ஒரு பதில் எழுதுங்க. எனக்கு வைகாசியோட வேலைக் கடுதாசி முடியுது. மேடம் இன்னும் ரெண்டு வருசம் நில்லு எண்டு கேக்குறா. நான் வரவா, நிக்கவா? நீங்க சொல்ற மாதிரிச் செய்றன்."

இந்தக் கடிதத்தை நான் எத்தனை தரம் விரித்திருப்பேன் தெரியாது. சண்டை நின்று விட்டது, இனிச் சமாதானம்தான் என்று றேடியோ அந்த நேரம் சொல்லிக்கொண்டிருந்தது. றேடியோ அதற்கு முன்னமும் இரண்டு தரம் அப்படிச் சொன்னதுதான். வா என்று சொல்லி அவள் வந்து, வந்த பிறகு படலைக்கு ஆட்கள் வந்தால்? நில் என்று சொல்லி அவள் அங்கேயே நின்று, நாளைக்கு நான் கண்ணை மூடினால்? கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். சிவப்பு வந்தால் இப்படி, வெள்ளை வந்தால் அப்படி. பிறகு பார்த்தால் அவளே ஒரு பூவைக் கட்டித்தானே அனுப்பியிருக்கிறாள். கடைசியைப் பார் என்கிறாள். சரி, பார்ப்போம்.

இந்த விசயத்தை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த வளவில் இருக்கிற மச்சாளுக்கும் சொல்லவில்லை. அவள் என் மாமாவின் மகள். அவளுக்குச் சொன்னால் ஊருக்கு வெளியே வட்டையில் வயல் வெட்டுகிற ஆளுக்கும் மத்தியானத்துக்கு முன்னம் தெரிந்து விடும்.

ரீவியும் வீடியோ டெக்கும் மகள் அனுப்பின காசில் வாங்கினவை. கரண்டு ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. படம் போடப் போகிறேன் என்று தெரிந்ததும் மச்சாள் பாயோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒழுங்கையில், எங்கள் சின்னத் தெருவில், இருக்கிற பாதிச் சனம் வந்தது.

கதையைச் சொல்கிறேன். பாசை விளங்காவிட்டாலும் கதை விளங்கியது. கடல் ஓரத்தில் உப்புக் காய்ச்சுகிற ஒரு தாய். அவளுக்கு ஒரு மகள். கடலுக்கு நடுவில் இரும்பால் கட்டின ஒரு பட்டணம் இருக்கிறது. அந்தப் பட்டணத்து விளக்குகளைத் துடைக்கிற வேலைக்கு மகள் போகிறாள். ஒவ்வொரு விளக்கும் ஒரு வீடு அளவு. துடைத்துத் துடைத்து அந்தப் பிள்ளையின் கை கறுத்துப் போகிறது. பிறகு அங்கே ஒரு சண்டை. பட்டணம் சரிந்து கடலுக்குள் போகிறது. பிள்ளை ஒரு சின்னத் தோணியில் ஏறித் துடுப்புப் போடுகிறாள். ஒரே பனிப்புகார். துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு அந்தச் சத்தமும் நிற்கிறது. உடனே தாயின் வீடு. வாசலில் அந்தக் கிண்ணம், குச்சி, விளக்கு, கதவு. கறுத்துப் போச்சு.

நாங்கள் எல்லோரும் அப்படியே இருந்தோம். மிச்சம் வரும் என்று இருந்தோம். ரீவியில் படம் போய் வெள்ளைப் பூச்சி பறந்தது.

"மிச்சம் எங்ககா?" என்று மச்சாள் கேட்டாள்.

"முடிஞ்சிட்டுப் போல."

"முடிஞ்சிட்டா? அவ வந்தாளா வரல்லையா?"

"எனக்கென்ன தெரியும்? நானும் உன்னோடதானே பாத்தன்."

"உன்ட மகள் கசெற்ற அரைவாசியில வெட்டிப் போட்டு அனுப்பியிரிக்காள். போய்ப் பாரு."

எங்கள் ஊர் ஆட்கள் அப்படி நினைத்ததில் பிழை இல்லை. இங்கே கூத்து என்றால் விடிய விடிய ஆடுவார்கள், கடைசியில் எல்லோரையும் வாழ்த்தி வாழி பாடுவார்கள். நடுவில் செத்த ராசாவும் எழும்பி வந்து மற்றவர்களோடு வரிசையில் நின்று பாடுவான். அதைக் கேட்காமல் ஒரு சனமும் பாயைச் சுருட்டாது. வாழி இல்லாமல் முடிகிற கதையை நாங்கள் அதுவரைக்கும் கண்டதில்லை. கசெற்றைக் களுவாஞ்சிக்குடிக்குக் கொண்டு போய் டெக் திருத்துகிற ஆளிடம் காட்டினேன். அவர் திறந்து பார்த்துவிட்டு, "வெட்டு ஒண்டும் இல்ல அம்மா. இவ்வளவுதான் படம்" என்றார்.

"இப்பிடி எந்த விசரன் முடிப்பான்?"

"யப்பான்காரன்" என்றார்.

அன்றைக்குத் தொடங்கினது. கரண்டு வருகிற நாளெல்லாம் கடைசிக் கட்டத்தை மட்டும் போட்டுப் பார்த்தேன். டெக்கில் நிற்பாட்டுகிற பொத்தான் ஒன்று இருந்தது. நிற்பாட்டினால் படம் குளிரில் நடுங்குகிற மாதிரி நடுங்கும், ஆனால் பார்க்கலாம். கிட்டப் போய், மூக்கு முட்டுகிற அளவுக்குப் போய்ப் பார்த்தேன். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு மட்டும் வைகாசி வந்துகொண்டிருந்தது.

மச்சாள் ஒரு கட்சி.

"அது காத்துகா. காத்துக்குக் கதவு திறபடாதா? உன்ட அடுப்படிக் குசினிக் கதவு ஒரு நாளைக்கு எத்தின தரம் திறபடுது? ஆரு வாறா? நாய்தான் வருது."

"காத்தெண்டா விளக்கு அணைஞ்சு நூந்திருக்கும். சுடரைப் பாரு, ஆடவே இல்ல."

"கீறின விளக்கு எப்பிடிக்கா நூரும்?"

ஆனால் நான் விடவில்லை. சோற்றைப் பார்த்தேன். ஆவி பறக்கிறது. அப்படியென்றால் ஆறின சோறு இல்லை, இப்பத்தான் போட்டது. ஒருத்தரும் வராத வீட்டில் கொதிக்கக் கொதிக்கச் சோற்றைப் போட்டு வாசலில் ஆர் வைப்பார்?

அந்தக் குச்சிகள்தான் எனக்கு வழி காட்டின. வாசல். வாசலில் குவித்து வைத்த அரிசிச் சோறு. அதற்கு மேலே நட்டு வைத்த ஒன்று. பக்கத்தில் விளக்கு. இது எங்கள் வீடுகளில் இல்லாததா? மாப்பிள்ளை வரும்போது, பெரிய ஆட்கள் வரும்போது, அரிசி பரப்பி, அதற்கு மேலே கும்பத்தை வைத்து, மாவிலை நட்டு, பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றி வாசலில் வைக்கிறோம்தானே. இது அவர்களுடைய கும்பம். அந்தத் தாய் மகளுக்குக் கும்பம் வைத்திருக்கிறாள். வருகிறாள் என்று தெரியாமல் ஒருத்தி கும்பம் வைப்பாளா?

இதைச் சொன்னதும் ஒழுங்கையில் பாதிப்பேர் என் பக்கம் வந்து விட்டார்கள்.

மச்சாள் மட்டும் மசியவில்லை. "கும்பத்துக்கு ஆரும் சோறு அவிப்பாங்களாகா? பச்சரிசிதானே போடுற?"

"அவங்கட முறை அது."

"மாவிலை எங்க? தேங்காய் எங்க?"

"அந்த நாட்டில மாமரம் இல்லையோ என்னமோ."

"எல்லாம் இல்லாத கும்பம். உனக்கு என்னமும் வேணுமெண்டா எதிலயும் அதைத்தான் காணுவாய். சின்ன வயசிலயும் இப்பிடித்தான்."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. அது உண்மையாக இருந்தபடியால்தான் சுட்டது. நான் ரீவியை நூத்துவிட்டு எழும்பிப் போனேன். அன்றைக்குத்தான் நாங்கள் பேச்சை நிற்பாட்டினோம்.

பேசாமல் இருந்த அந்த நாட்களில்தான் எனக்கு அந்தக் குரல் நினைவு வந்தது. படம் கறுத்த பிறகு வருகிற அந்த ஒரு சொல். அது என்ன சொல் என்று தெரிந்தால் எல்லாம் தெளியும்தானே. காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் புடவை கட்டிக்கொண்டு வந்து விற்கிற முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார்; அண்ணன் என்கிற மாதிரி நாங்கள் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அறபு நாட்டில் ரொட்டிக் கடையில் எட்டு வருசம் நின்றவர். அவர் ஒழுங்கைக்குள் மணி அடித்ததும் கூப்பிட்டேன்.

"காக்கா, எனக்குச் சீலை வேணாம். ஒரு சொல்லுக்கு அருத்தம் வேணும்."

"சொல்லுக்கு அருத்தம் பள்ளி லெவ்வையிட்டக் கேக்கணும் அக்கா. நான் ரொட்டி போட்ட ஆள். மா, உப்பு, நெருப்பு, இதுதான் என்ட அறபு."

"அது போதும், காணும். வாங்க."

அந்த நேரம் பார்த்துக் கரண்டும் இருந்தது. அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து இருந்தார். நான் கடைசிக் கட்டத்தைப் போட்டேன். மச்சாள் தன் வளவு வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறாள், எனக்குத் தெரியும். காணாத மாதிரி நின்றேன். குரல் வந்தது. காக்கா இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகும் ஒரு தரம்.

"வா எண்டு சொல்றா அக்கா."

"ஆரு?"

"அந்தப் பொம்புள. பொம்புளப் புள்ளயக் கூப்பிடுற 'வா'. கடைக்கு வாற பொம்புளகள அப்பிடித்தான் நாங்களும் கூப்பிடுற."

"அப்ப மகள் வந்திட்டா?"

காக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். "நான் வந்தாள் எண்டு சொல்லல்ல. கூப்பிட்டாள் எண்டுதான் சொன்னன். வந்த ஆளையும் வா எண்டு கூப்பிடலாம். வராத ஆளையும் வா எண்டு கூப்பிடலாம். அதுக்கு மேல அந்தக் கசெற்றில ஒண்டும் இல்ல."

வேலிக்கு அங்காலிருந்து மச்சாளின் குரல் வந்தது. "நான் சொன்னன்தானே காத்தெண்டு!"

காக்கா சிரித்துவிட்டு எழும்பினார். போகும்போது படலையில் நின்று, "உங்கட மகள் எப்ப அக்கா வாறா?" என்று கேட்டார். நான் திரும்பி வீட்டுக்குள் போனேன். அவரும் நிற்கவில்லை.

அன்றைக்கு முழுக்க அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டு மீன் கழுவினேன். நான் இவ்வளவு நாளும் பிழையான ஆளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மகள் வந்தாளா வரவில்லையா என்று மகளைத் தேடினேன். அந்தத் தாயை நான் பார்க்கவில்லை. அவளுக்கும் தெரியாது. பனிப்புகாருக்குள் தோணி நின்றதோ மூழ்கினதோ அவளுக்கு ஆர் சொன்னது? ஒன்றும் தெரியாமல்தான் கூப்பிடுகிறாள். கூப்பிடுகிறது மட்டும்தான் அவளுடைய வேலை.

கடிதம் எழுத இருந்தேன். நிறைய எழுத நினைத்தேன். சமாதானத்தைப் பற்றி, வீட்டுக் கூரையைப் பற்றி, மச்சாளின் வாயைப் பற்றி. எழுதி எழுதி வெட்டினேன். கடைசியில் ஒரு முழுக் கடுதாசியில் "வா" என்று மட்டும் எழுதி, கீழே "அம்மா" என்று போட்டேன். முதல் நாள் எழுதினது நல்ல வடிவில்லை. அடுத்த நாள் எழுதினதில் மை ஊறிவிட்டது. மூன்றாம் நாள் எழுதினதைத்தான் அனுப்பினேன்.

பதினோராம் நாள் மச்சாளிடம் நானே போய்ப் பேசினேன். மகளின் கடிதத்தைப் பற்றி அவளிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அவளுக்கு அது வழக்கமில்லை.

"எனக்கு முதலே சொல்லியிருந்தா நான் காத்தெண்டு சொல்லியிருக்க மாட்டன்கா."

"அதுக்குத்தான் சொல்லல்ல. நீ நினைக்கிறதத்தான் எனக்கு அறிய வேண்டியிருந்த."

"இப்பயும் காத்தெண்டுதான் நினைக்கிறன்" என்றாள். "ஆனா வரட்டும்."

வைகாசியில் மகள் வந்தாள். நான் வாசலில் கும்பம் வைத்தேன். மாவிலை, தேங்காய், பச்சரிசி, எல்லாம் முறைப்படி. மச்சாள் வந்து பார்த்துவிட்டு, "சோறு அவிச்சு வெக்கல்லையா?" என்று கேட்டாள். மகளுக்கு அந்தப் பகிடி விளங்கவில்லை. அவள் கும்பத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் பெரிய சந்தோசம் என்று சொல்ல மாட்டேன். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் வந்த பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதினால் பொய். இரண்டு தரம் ஆட்கள் கேட்டு வந்தார்கள். இரண்டு தரமும் அவளைக் களுதாவளையில் என் சின்னம்மாவின் மகள் வீட்டில் மறைத்து வைத்தேன். கலியாணம் முடித்தவளைக் கேட்க மாட்டார்கள் என்று சொன்னார்கள். அவசரமாக முடித்து வைத்தேன். மருமகன் உடுப்புப் பையோடு வந்து சேர்ந்தார். அமைதியான பிள்ளை, ஆற்றில் வலை போடுகிறவர். கசெற் அரிசிப் பெட்டிக்கு மேலே போய்விட்டது. அதன் கடைசிக் கட்டத்தைப் பற்றி மகளும் நானும் ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டிய முடிவு கிடைத்துவிட்டது. வேறு என்ன பேச?

பிறகு கடல் அடித்த வருசம், சுனாமி வருசம், வந்தது. எங்கள் வீடு ஆற்றுப் பக்கம் என்றபடியால் தப்பியது. கரைப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்க எத்தனையோ நாட்டு ஆட்கள் வந்தார்கள். சண்டை திரும்பத் தொடங்கும் போல ஒரு புழுக்கம் ஊரில் இருந்தது. அப்படியிருந்தும் வந்தார்கள். அதில் ஒருத்தி யப்பான் பிள்ளை, முப்பது வயது இருக்கும். நாவற்குடாவிலிருந்து வருகிற இங்கிலிசு ரீச்சர் ஒருவர் அவளுடைய பேச்சை எங்களுக்குச் சொல்லுவார். ஒரு நாள் மத்தியானம் வெயிலுக்கு இரண்டு பேரும் என் வீட்டில் தண்ணி குடிக்க ஒதுங்கினார்கள்.

எனக்கு விடுமா? யப்பான் ஆள் ஒருத்தி என் வீட்டுக் கதிரையில் இருக்கிறாள். கசெற்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன்.

பெட்டியைக் கண்டதும் அவள் எழும்பிவிட்டாள். ரீச்சரிடம் என்னவோ வேகமாகச் சொன்னாள். ரீச்சர் சொன்னார்: "இந்தப் படம் பாத்து அழுதவவாம். சின்ன வயசில, தியேட்டரில. இது எப்பிடி இஞ்ச வந்த எண்டு கேக்கிறா."

டெக் அப்போதும் ஓடியது. போட்டேன். கடைசிக் கட்டம் வந்தது. கிண்ணம், விளக்கு, குச்சி. அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். பிறகு குரல் வந்ததும் துள்ளி ரீவியைப் பார்த்தாள். இன்னொரு தரம் போடச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதை ரீச்சர் ஆறுதலாக, மெல்ல மெல்லச் சொன்னார். நானும் ஆறுதலாகத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு அது உடனே விளங்கவில்லை.

அவர்களுடைய நாட்டில் சோற்றில் குச்சியை நட்டமாகக் குத்தி வைக்கிறது செத்தவர்களுக்காம். உயிரோடு இருக்கிற ஆளுக்கு அப்படி ஒருத்தரும் வைக்க மாட்டார்களாம். சின்னப் பிள்ளைகள் விளையாட்டுக்குக் குத்தினாலே கையில் அடி விழுமாம். தூரப் பயணம் போன ஆளுக்கும் வீட்டில் சோறு வைக்கிற வழக்கம் இருக்கிறதாம், போன இடத்தில் பசி கிடக்கக்கூடாது என்று. ஆனால் அதற்குக் குச்சியைப் படுக்க வைப்பார்களாம். படம் முதல் வந்தபோது குச்சி நின்றது. அப்படியென்றால் பிள்ளை செத்துவிட்டாள், தாய்க்கு அது தெரியும். அப்போ கதவைத் திறந்தது ஆர்? இதில்தான் சண்டை. சனங்கள் படம் எடுத்தவர்களுக்கு ஏசி ஏசிக் கடிதம் எழுதினார்களாம். கடைசியில் அவர்கள் அந்த இடத்தைத் திரும்பக் கீறினார்களாம். புதுப் படத்தில் குச்சி படுத்துக் கிடக்கும். கதவில் பிள்ளையின் நிழல் விழும். கடைகளில் இப்போது அதுதான் இருக்கிறதாம். குச்சி நிற்கிற கசெற்றுக்குத்தான் அங்கே ஆட்கள் அலைகிறார்களாம்.

"குரல்?" என்று கேட்டேன்.

"அவங்கட படத்தில குரலே இல்லையாம் அம்மா. ரெண்டிலயும் இல்லையாம். சத்தம் இல்லாமத்தான் முடியுமாம். அறபுக்கு மாத்தின ஆக்கள் தாங்களாச் சேத்திரிக்காங்க போல எண்டு சொல்றா. இப்பிடி ஒண்டு இரிக்குதெண்டு அவவுக்கே இண்டைக்குத்தான் தெரியுமாம்."

நான் கொஞ்ச நேரம் அந்த அறபுக்காரரை நினைத்தேன். ஏதோ ஒரு ஊரில், ஒரு அறைக்குள் இருந்து, சத்தமில்லாத அந்த முடிவைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கும் வாழி இல்லாமல் எழும்ப மனம் வரவில்லை. ஒரு சொல்லைப் போட்டுவிட்டார்கள். அந்தச் சொல்லைத்தான் நான் மூன்று நாள் இருந்து எழுதியிருக்கிறேன்.

"நாங்க அதக் கும்பம் எண்டு நினைச்சம்" என்று சொன்னேன். ரீச்சர் அதைச் சொல்லிக் கொடுக்கக் கனநேரம் எடுத்தது. கையால் தேங்காய், மாவிலை எல்லாம் காட்ட வேண்டி வந்தது. விளங்கினதும் அந்தப் பிள்ளை கும்பம் என்று தானும் சொல்லிப் பார்த்தாள். பிறகு தன் கொப்பியை எடுத்து அதை எழுதினாள்.

மகள் குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"கிளி, நீ என்ன நினைச்ச?" என்று கேட்டேன். எத்தனையோ வருசம் கழித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"செத்திட்டாள் எண்டுதான்."

"குச்சிய வெச்சா அப்பிடி நினைச்ச?"

"குச்சி எனக்கென்ன தெரியும்? சோத்த வெச்சு விளக்குக் கொளுத்தியிரிக்கு. எனக்கு அது செத்த ஆக்களுக்கு வெக்கிற படையலாத்தான் தெரிஞ்ச. நான் வேலை செய்த வீட்டு மூத்த புள்ளயும் அப்பிடித்தான் சொன்ன." அவள் தட்டைக் கீழே வைத்தாள். "நீங்களும் படையல் எண்டுதான் காணுவியள், பயந்து போய் வராத எண்டு எழுதுவியள் எண்டுதான் அனுப்பினனான்."

"நீ வர விரும்பல்லையா?"

"அந்த வீட்டுச் சின்னது என்ட கையப் புடிச்சாத்தான் நித்திர கொள்ளும் அம்மா. இஞ்ச வந்தா என்ன நடக்குமெண்டும் பயம். வர விருப்பமில்ல எண்டு உங்களுக்கு நான் எப்பிடி எழுதுற?"

"பிறகு ஏன் வந்த?"

"ஒரு முழுக் கடுதாசியில ஒரு சொல்லு. அதை எழுத நீங்க எத்தின நாள் இருந்திருப்பியள் எண்டு எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடுங்க" என்றாள்.

யப்பான் பிள்ளைக்கு இதொன்றும் விளங்கவில்லை. ரீச்சரும் சொல்லவில்லை. அது நல்லது.

போகும்போது அந்தப் பிள்ளை கசெற்றைத் தடவிப் பார்த்து, ஓரத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, ஆற்றுக் காற்றுக்கு இன்னும் கொஞ்சக் காலத்தில் அழிந்துவிடும் என்று கவலைப்பட்டாள். தா என்று கேட்கவில்லை. கேட்கிற முகம் இருந்தது, கேட்கவில்லை. எனக்கு அது பிடித்தது. நான் மகளைப் பார்த்தேன். அவள் குனிந்து கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கசெற்றிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அதற்குப் பதில் பிழையான வழியால் வந்ததோ சரியான வழியால் வந்ததோ, பதில் என் குசினியில் நிற்கிறது. இனி அதைப் பூஞ்சணம் தின்ன வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

"கொண்டு போகச் சொல்லுங்க ரீச்சர். ஒண்டு மட்டும். அங்க ஆருக்கும் இதக் காட்டினா, எங்கட ஊரில இத எப்பிடிப் பாத்த எண்டும் சொல்ல வேணும்."

சண்டை பெருத்துப் போக வெளிநாட்டு ஆட்கள் திரும்பிப் போனார்கள். அவளும் போனாள். கொடுத்த சொல்லை மறந்திருப்பாள் என்று நினைத்தேன். ஒரு வருசத்துக்குப் பிறகு ரீச்சர் ஒரு கடிதத்தைக் கொண்டு வந்து வாசித்தார். அந்தப் படத்தில் பைத்தியமான ஆட்கள் கூடுகிற இடத்தில் கசெற்றைப் போட்டுக் காட்டினாளாம். குரல் வந்ததும் கிழவர்கள் சிலர் எழும்பி நின்றார்களாம். அதுவரைக்கும் அங்கே செத்தாள் என்று ஒரு கட்சியும் வந்தாள் என்று ஒரு கட்சியும்தானாம். இப்போது மூன்றாவதாக ஒரு கட்சி. தாய் ஒன்றும் தெரியாமலே கும்பம் வைத்துக் கூப்பிடுகிறாள் என்கிறவர்கள்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்ததை மறைக்க மாட்டேன்.

மச்சாள் பாக்கை வெட்டினபடி கேட்டாள்: "ரீச்சர், காத்தெண்டு சொல்ற ஆக்கள் ஒருத்தரும் இல்லையாமா அங்க?"

"அதப் பத்தி எழுதல்ல மாமி."

"அப்ப பதில் எழுதக்குள்ள என்னையும் போடுங்க. நாலாவது கட்சி."

எல்லோரும் சிரித்தோம். குசினிக்குள்ளிருந்து மகள் சத்தம் போட்டாள்: "அம்மா, பேசினது காணும். அந்தக் கதவச் சாத்துங்க, நாய் வந்திட்டு."